என் தம்பி கற்றுக்கொண்டு வாசிக்கிறான்

என் தம்பியின் ரத்தத்தில் இசை ஓடவில்லை. அவன் ரத்தம் ஓ பாசிட்டிவ். எங்கள் மாதா கோயிலில் நடந்த ரத்ததான முகாமில் கொடுத்தபோது பரிசோதித்துச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஓடுகிற ரத்தம்தான் அவனுக்கும். எனக்குப் பாட வராது. அம்மா பாடினால் பூசை வைத்துக்கொண்டிருக்கிற சாமியார் திரும்பிப் பார்ப்பார். அப்பாவுக்குத் தாளம் தட்டவே வராது. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. தம்பியைப் பற்றி எழுத வந்தவர்கள் முதல் வரியிலேயே அந்த ரத்தத்தைத்தான் எழுதினார்கள்.

அவன் பெயர் பாக்யராஜ். வயது முப்பத்தொன்று. பியானோ வாசிக்கிறான். ஜாஸ் என்கிற மேல்நாட்டு இசை. அதில் ஒரு மெட்டை முதலில் முழுதாக வாசித்துவிடுவார்கள். பிறகு அதன் அடியில் போகிற கட்டமைப்பை மாற்றாமல், மேலே அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். இது அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவன் தானே அமைத்த எட்டு மெட்டுகளை ஓர் ஆல்பமாகப் பதிவு செய்தான். அந்த ஆல்பத்தை வைத்து என்ன செய்யப் பார்த்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

நான் அவனைவிட ஆறு வயது மூத்தவள். சகாயராணி. பத்தாவது வரை படித்திருக்கிறேன். வில்லியனூர் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. செலியமேட்டைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பா மரியதாஸ் சென்ட்ரிங் வேலை செய்கிறார். கான்கிரீட் தளம் போடுவதற்கு முன்னால் பலகையும் தகடும் முட்டும் வைத்துத் தாங்கல் கட்டுகிற வேலை அது. தளம் இறுகியதும் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் குடிபுகும்போது சென்ட்ரிங்காரனின் வேலை கண்ணுக்கே தெரியாது.

தம்பி எட்டாவது படிக்கும்போது எங்கள் கோயிலுக்கு ஒரு கீபோர்டு வாங்கினார்கள். பாடற்குழுவில் அதைத் தொட வேறு ஆள் இல்லாததால் அவன் தொட்டான். அந்தக் கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. பாடுகிறவரின் தொண்டைக்கு ஏற்றபடி அதை அமுக்கினால் சுருதி ஏறும், இறங்கும். வாசிக்கிறவனின் விரல் மட்டும் எப்போதும் ஒரே கட்டைகளில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்துக் கோயில்களில் வாசிக்கிற பையன்கள் எல்லோரும் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். கல்யாணமோ திருவிழாவோ, விரலுக்குத் தெரிந்தது ஒரே சுருதி. மிச்சத்தைப் பட்டன் பார்த்துக்கொள்ளும்.

அவனுக்கு இருபது வயது இருக்கும். புதுச்சேரி டவுனில், கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு உணவகம். அங்கே சாயங்காலங்களில் பியானோ வாசிக்கிற ஆள் வராமல் போய்விட்டார். அங்கே பேஸ் கிட்டார் வாசிக்கிற டேனியல், ஒரு கோயில் திருவிழாவில் தம்பியைக் கேட்டிருந்ததால் கூப்பிட்டுக்கொண்டு போனார். நிஜமான பியானோவை அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாகத் தொட்டான். பாட வந்த பெண் தனக்கு ஜலதோஷம், அரைக்கட்டை இறக்குங்கள் என்று சொல்லியிருக்கிறாள். இவன் பியானோவின் முன்னால் தேடினான். பக்கவாட்டில் தேடினான். குனிந்து கீழேயும் பார்த்தான்.

“இன்னாடா தேடற?” என்று கேட்டார் டேனியல்.

“பட்டன் எங்கண்ணே?”

“எந்த பட்டன்?”

“சுருதி எறக்கறது.”

டேனியல் சிரித்தார். பாட வந்த பெண் சிரித்தாள். சாப்பிட வந்தவர்கள் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். தம்பி வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் போய் மேனேஜரிடம், காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வந்து வாசித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். நாற்காலி துடைக்கிற நேரம்தானே, வந்துகொள் என்று விட்டார் அந்த மனிதர்.

முதல் பஸ்ஸில் போவான். முன்பு பட்டனை அமுக்கி வாசித்த ஒரே பாட்டைப் பன்னிரண்டு சுருதியிலும் விரலால் வாசிக்கப் பழகினான். ஒன்று வந்ததும் அடுத்தது. அங்கே தரை கூட்டுகிற வள்ளியம்மாள், “ஏன்பா, உனுக்கு வேற பாட்டே தெரியாதா? கனவுலகூட இதேதான் கேக்குது எனுக்கு” என்று திட்டுவாராம். பன்னிரண்டையும் முடிக்க மூன்று வருடம் ஆனது. அதன் பிறகுதான் ஜாஸ். பழைய பதிவுகளைப் போனில் வேகம் குறைத்துப் போட்டு, ஒரு வரியை விரலுக்குக் கொண்டுவரும் வரை அடுத்த வரிக்குப் போகமாட்டான். டேனியலின் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் சொல்லிக்கொடுத்தார். அவர் திட்டினால் இவன் சாப்பிடமாட்டான். மணிக்கட்டு வீங்கி, டாக்டர் கையை அசைக்காதே என்றபோது இடது கையால் மட்டும் வாசித்தான். பகலெல்லாம் வில்லியனூரில் கைப்பேசி ரிப்பேர் கடையில் வேலை, சாயங்காலம் அதே உணவகத்தில் வாசிப்பு. இப்படிப் பத்து வருடம். இதைத்தான் “ரத்தத்திலேயே இருக்கிறது” என்கிறார்கள். இருந்திருந்தால் அவன் ஏன் முதல் பஸ்ஸைப் பிடித்தான்?

எட்டு மெட்டுகளையும் டேனியலின் சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். தம்பி பியானோ, டேனியல் பேஸ், இன்னொருவர் டிரம் செட். ‘பாகூர் ஏரி’ என்று ஒன்று. என் வேலையை நினைத்து ‘ரெண்டாவது ஷிப்ட்’ என்று ஒன்று. அதில் ஒரே சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும், ஒரு தடவை மட்டும் தவறாக வரும். “அதான் நீ ரிஜக்ட் பண்ற சட்ட” என்றான். கடைசி மெட்டின் பெயர் ‘சென்ட்ரிங்’. முதல் பாதி முழுக்க இடது கை கனமாகத் தாங்கிக்கொண்டே போகும். நடுவில் சத்தமில்லாமல் இடது கையை எடுத்துவிடுவான். வலது கை வாசிப்பது மட்டும் விழாமல் நிற்கும். ஆல்பத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தான்.

சென்னையில் ஒரு இசை நிறுவனம் அதை வெளியிட முன்வந்தது. டிசம்பரில் அவர்கள் நடத்துகிற விழாவில் தம்பி வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர்கள் சார்பில் அரிகரன் என்பவர் பேசினார். நல்ல மரியாதையான பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கக் காரில் வந்தார்கள். எனக்கு அன்று ஓவர்டைம். தம்பியை ஏரிக்கரையில் வைத்துப் படம் எடுத்தார்கள். மதியம் உணவகத்தில் வாசிக்க வேண்டியிருந்ததால் அவன் கிளம்பிவிட்டான். “ஊரைக் கொஞ்சம் எடுத்துட்டுக் கிளம்பிடறோம்” என்று அரிகரன் சொல்லியிருக்கிறார். அம்மா கோழி அடித்துச் சோறு போட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஆல்பத்தின் அட்டைப்படம் தம்பியின் போனுக்கு வந்தது. பெயர் ‘சென்ட்ரிங்’ இல்லை. ‘ரத்தத் தாளம்’. படத்தில் தம்பி ஓரமாக மங்கலாக இருந்தான். நடுவில் எங்கள் அப்பா. வயல் வரப்பில், இடுப்பில் வேட்டியோடு, சட்டை இல்லாமல் நிற்கிறார். தோளில் மாட்டிய ஒரு பறை. அடிக்கக் குச்சியை ஓங்கியிருக்கிறார். கீழே எழுத்து: ‘பறை கொட்டும் தந்தை. பயிற்சியே இல்லாமல் பியானோவில் பாய்ந்த மகன். தலைமுறைகளாக ரத்தத்தில் ஓடும் தாளம்.’

எனக்கு வந்த கோபத்தில் போனை வீசியிருப்பேன். தம்பி பிடுங்கிக்கொண்டான்.

எங்களை அறியாதவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றலாம். சொல்கிறேன். எங்கள் தாத்தா காலம் வரை ஊர்த் தெருவில் யார் செத்தாலும் எங்கள் தெருவிலிருந்து பறை போக வேண்டும். போகிறாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவான், இவர்கள் போய் நிற்க வேண்டும். ஒரு சாவில் தாத்தாவும் வேறு சிலரும் இனிமேல் வரமாட்டோம் என்று சொன்னார்கள். தெருவில் இருந்த பறைகளை எல்லாம் கோயில் முன்னால் போட்டு எரித்தார்கள். அந்த வருடம் அறுப்புக்கு எங்கள் தெருவில் ஒருவரையும் கூப்பிடவில்லை. எங்கள் மாடு அவர்கள் வயலில் இறங்கினால்கூட எங்கள் ஆட்களை அடித்தார்கள். அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலூரில் சென்ட்ரிங் வேலைக்குத் தகடு சுமக்கப் போனார். அவர் அந்தத் தொழிலுக்குப் போனதே பறையை விட்டதால்தான்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் எங்கள் வீட்டுச் சாவுக்கும் பறை கிடையாது. கோயில் மணியும் பாட்டும்தான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால், “இன்னாபா இது, சாவு வூடு மாரியே இல்ல. பரீட்ச நடக்கற எடம் மாரி இருக்குது” என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

பறை அடிப்பவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அடுத்த தெரு கலைவேந்தன் காலேஜில் கலைக்குழு வைத்து அடிக்கிறான். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அவன் தானாக எடுத்தான், தனக்காக அடிக்கிறான். எங்கள் அப்பாவுக்கு அதை எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியாது. அரிகரன் அதைக் காரில் கொண்டுவந்திருந்தார். அதாவது சென்னையில் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

“நீ இன்னாடா சொல்லப்போற?” என்று தம்பியைக் கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். “எழுத்த மட்டும் மாத்தச் சொல்றேங்க்கா.”

“படம்?”

“கேட்டுப் பாக்கறேன். டிசம்பர்ல வாசிக்கச் சொல்லிருக்காங்க. இது போச்சுன்னா நம்மள யாரு கூப்புடுவா? ஓட்டல்ல சாப்புடறவன் முதுவப் பாத்துக்கினே எத்தினி வருசம் வாசிக்கறது?”

“அதுக்குன்னு அப்பா சட்டையக் கழட்டி விப்பியா?”

“நானா கழட்டச் சொன்னேன்?” என்று கத்தினான். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு ஜெயசித்ரா, டீவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள். அவளையும் சேர்த்துத் திட்டினேன்.

அப்பா வேலை முடிந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். முட்டியெல்லாம் சிமெண்ட். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கு இஸ்திரி போடாத சட்டையை உடுத்தாத மனிதர். படத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

“இன்னாப்பா இது?”

பார்த்தார். “நல்லாத்தான் புடிச்சிருக்கான்” என்றார்.

“வந்தவங்க மனசு நோவக் கூடாதுன்னு பறையப் புடிச்சியா? உனுக்கு அது இன்னான்னு தெரியாதா?”

“தெரியாம இன்னா? தெரிஞ்சிதான் புடிச்சேன்.”

“ஏன்?”

“மாட்டேன்னா எழுந்திரிச்சிப் போயிடுவானுங்களோன்னுதான்.” கை கழுவத் தண்ணீர் மொண்டார். “எங்கப்பன் வாணாம்னு வுட்டாரு. எங்களுக்குச் சோறு போச்சு, படிப்பு போச்சு. நானும் மாட்டேன்னு சொல்லி இவனுக்கும் போவணுமா? அரை மணி நேரம் புடிச்சேன். கையா அழுகிடுச்சி? பையன் பேரு வெளிய வருதுல்ல, வுடு.”

தம்பி வாசற்படியிலேயே நின்றிருந்தான். அதுவரை அவனும் நானும் நினைத்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் மறுத்துப் பேசத் தெரியாமல் அப்பா ஏமாந்தார் என்றுதான். எங்கள் ஊரில் அப்படி ஏமாறுவார்கள். சாப்பிட உட்கார்ந்தவன் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள். அப்பா ஏமாறவில்லை. கணக்குப் போட்டுத்தான் அதை வாங்கிக் கையில் பிடித்திருக்கிறார். என் கோபம் அங்கே இரண்டு மடங்கானது. அறுபத்தாறு வயதில் ஒரு மனிதரை அந்தக் கணக்குப் போட வைத்துவிட்டு, கோழிக் குழம்பு அருமை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தம்பி அரிகரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். அரிகரன் பொறுமையாகக் கேட்டார்.

“அக்கா, உங்க கோவம் புரியுது. ஆனா பறை நம்ம ஆதிக்கலைக்கா. இன்னிக்கு உலகமே கொண்டாடுது. நீங்களே இதுக்கு வெட்கப்படலாமா?”

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது போலவும் இருந்தது, அது எங்களுக்கு இல்லை என்பது போலவும் இருந்தது. பேசத் தெரிந்தவர்கள் அங்கேதான் நம்மை மடக்குகிறார்கள்.

“வெக்கம்னு யாருய்யா சொன்னா? எங்கப்பா சென்ட்ரிங் வேல செய்றவரு.”

“சரிக்கா. ஆனா சென்ட்ரிங்னு சொன்னா கேக்கறவங்களுக்கு மனசுல என்ன வரும்? ஜனங்களுக்கு ஒரு கதை வேணும் இல்லையா?”

“சட்டைய ஏன் கழட்டச் சொன்னீங்க?”

“அது லைட்டுக்காகக்கா. வெயில்ல வெள்ளைச் சட்டை ரொம்ப அடிக்கும்.”

“நீங்களும் வெள்ளதான் போட்டிருந்தீங்களாம். அம்மா சொன்னாங்க. நீங்க கழட்டினீங்களா?”

“நான் ஃபோட்டோல இல்லையேக்கா” என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் பதில் என்று நினைத்துச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்ததே என்று இன்னும் கோபம்.

தம்பி போனை எடுத்துக்கொண்டான். “சார், படமும் வேணாம், பேரும் வேணாம். என் பேரு, அதுக்குக் கீழ ‘சென்ட்ரிங்’, அவ்ளோதான். அப்டி வெளியிட முடியும்னா சொல்லுங்க.”

“அப்படி வெளிய வந்தா ஆயிரத்துல ஒண்ணாப் போயிடும் பாக்யா. நல்லா வாசிக்கறவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. உன்கிட்ட இருக்கறது வேற.”

“என்கிட்ட இருக்கறது வாசிப்புதான் சார்.”

“யோசிச்சுச் சொல்லு. அப்புறம் டிசம்பரும் கஷ்டமாயிடும்.”

“யோசிச்சிட்டேன். ஆல்பத்தக் குடுக்கல சார்” என்று வைத்துவிட்டான்.

அப்பா எழுந்து வந்தார். “தேடி வந்தத ஒதச்சித் தள்ளிட்டீங்க ரெண்டு பேரும். நான் புடிச்சது வீணாப் போச்சு” என்றார். அதன் பிறகு எங்களோடு பேசவில்லை. அம்மா வழியாகத்தான் பேச்சு. “அவனச் சாப்புடச் சொல்லு.” “அவளுக்கு பஸ் வந்துடுச்சின்னு சொல்லு.” நான் எதிரிலேயே நிற்பேன்.

டிசம்பர் வந்தது. அந்த விழாவில் தம்பி இடத்தில் வேறு யாரோ வாசித்தார்கள். நன்றாகவே வாசித்தார் என்று டேனியல் சொன்னார். அதைக் கேட்டதும் தம்பி எழுந்து உள்ளே போய்விட்டான். அரிகரனுக்கு அன்றைக்கு வேறு ஒரு கதை கிடைத்திருக்கும். எங்கள் பையனுக்கு வேறு ஒரு டிசம்பர் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தைக்குப் பிறகு டேனியலும் அவனும் ஆல்பத்தை இணையத்தில் தாங்களாகவே போட முடிவு செய்தார்கள். அட்டையில் முட்டு நிறுத்திய ஒரு தளத்தின் படம், தம்பியே போனில் எடுத்தது. கீழே வாசித்தவரைப் பற்றி நாலு வரி வேண்டும்.

“நீ எழுதுக்கா” என்றான்.

எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “பாட்டுக்குக் கீழ சண்ட போட்டு வெச்ச மாரி இருக்குது. ‘சிலர் நினைப்பதுபோல் அல்லாமல்’னு யாருக்கு எழுதற?” என்றான். எடுத்தேன். மறுபடியும் படித்து, “‘பாடுபட்டு’ வேணாம்” என்றான். அதையும் எடுத்தேன். கடைசியில் அவன் பெயர், கோயிலில் தொடங்கியது, உணவகத்தில் பயின்றது, சொல்லிக்கொடுத்தவர் பெயர், ஊர், அம்மா பெயர், அப்பா பெயர், அவர் செய்யும் வேலை, இவ்வளவுதான் மிஞ்சியது. அதை அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்பா கதவருகே செருப்பைத் தேடுவது போல நின்றுகொண்டிருந்தார்.

“சென்ட்ரிங் தொழிலாளின்னா போட்டுருக்கா அவ?” என்று அம்மாவைக் கேட்டார்.

“என்னியே கேளுப்பா. ஆமா, அப்டிதான் போட்டுருக்கேன்.”

அவ்வளவு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். “மேஸ்திரின்னு போடு.”

“எப்பத்துலருந்து நீ மேஸ்திரி?”

“எனுக்குக் கீழ நாலு பேரு வேல செய்றானுங்கடி.”

“நாலா? உங்கூட வேல செய்ற குழந்தவேலு ரெண்டு பேருன்னாரே?”

“மூணு” என்றார் அப்பா. “ஒருத்தன் குடிச்சிட்டுப் படுத்துக்குவான். அதுக்குன்னு அவன் ஆள் இல்லன்னு ஆயிடுமா?”

தம்பி போனை என்னிடம் நீட்டினான். தொழிலாளி என்பதை அடித்துவிட்டு மேஸ்திரி என்று போட்டேன். அப்பா என் தோளுக்கு மேலாக எட்டி, எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு, “இப்ப வுடு” என்றார்.